சிம்சிட்டி வண்டிகள் ஏன் இடப்பக்கமே ஒடிக்கின்றன?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "பழைய சிம்சிட்டியில் நம்ம ஊர் மாதிரியே ஒரு நகரம் கட்டினேன். நடுவில் கடைவீதி, மேற்கே தொழிற்சாலைகள், சுற்றிலும் வீடுகள். நடுச் சந்திப்பில் மட்டும் நெரிசல் குறையவே இல்லை. புதுசாக நாலு ரோடு போட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது. வண்டிகள் எந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன?"

ஊகித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வில் ரைட் உருவாக்கி 1989இல் வெளிவந்த, நகரம் கட்டும் கணினி ஆட்டம் அது. 2008இல் அதன் மூல நிரல் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் பொதுவில் வெளியிடப்பட்டது. யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். போக்குவரத்துப் பகுதி சில பக்கங்கள்தான். நம் கல்லூரிகளில் உருவகப்படுத்தல் (simulation) பாடத்தைக் கரும்பலகைச் சமன்பாடுகளோடு முடித்துவிடுவதற்குப் பதில் இந்த நிரலை ஒரு பருவம் பிரித்துக் காட்டலாம். காசு செலவில்லாத காரியம், ஆனாலும் யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

வரைபடம் 120க்கு 100 கட்டம். ஒரு மனை, வீடோ கடையோ தொழிற்சாலையோ, 3க்கு 3 கட்டம். மின்சாரம், வரி எல்லாம் ஆடியவர்களுக்குத் தெரிந்ததே. நேரே ரோட்டுக்கு வருவோம்.

முதலில் ஒன்று: திரையில் ஊர்ந்து போகும் வண்டிகளுக்கும் உண்மையான பயணத்துக்கும் சம்பந்தமில்லை. அவை வெறும் அசைவுப் படம். ஒரு ரோட்டின் நெரிசல் எண் 64ஐத் தொட்டால் சில வண்டிகள் வரையப்படும், 192ஐத் தொட்டால் நிறைய வரையப்படும். அவ்வளவுதான். நிஜப் பயணம் நம் கண்ணில் படாமல் நிரலுக்குள் நடந்து முடிகிறது.

அது நடக்கும் விதம் இது. மனையின் ஓரத்தில் ரோடு இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். இருந்தால் அங்கிருந்து கட்டம் கட்டமாக நகரும், அதிகபட்சம் 30 கட்டம். வீட்டிலிருந்து கிளம்பிய பயணம் ஒவ்வோர் அடியிலும் பக்கத்தில் கடையோ தொழிற்சாலையோ ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். தொழிற்சாலையிலிருந்து கிளம்பியது வீட்டைத் தேடும். வழி தெரியாது, தூரம் தெரியாது. கண்ணைக் கட்டித் தெருவில் விட்ட ஆள் மாதிரிதான்.

சந்திப்பு வந்தால்? இந்த நிரலில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். திசைகளுக்கு எண் உண்டு: 0 வடக்கு, 1 கிழக்கு, 2 தெற்கு, 3 மேற்கு. வடக்கு நோக்கிப் போகும் வண்டி ஒரு நாலுமுனைச் சந்திப்பை அடைகிறது என்று வையுங்கள். நிரல் 0 முதல் 3 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். 0 விழுந்தால் நேரே, 1 விழுந்தால் வலம், 3 விழுந்தால் இடம். 2 விழுந்தால் அது வந்த வழி, திரும்ப அனுமதியில்லை. அப்போது மறுபடி குலுக்காமல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். அடுத்த எண் 3. ஆக, 2 விழுந்தாலும் மேற்கு, 3 விழுந்தாலும் மேற்கு!

விளைவு: இடப்பக்கம் ஒடிக்க 50 சதவீத வாய்ப்பு, நேரே போக 25, வலப்பக்கம் 25. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இதே கணக்குதான். நேரேயும் இடமும் மட்டும் உள்ள முச்சந்தியில் இடத்துக்கு 75 சதவீதம். நேரேயும் வலமும் மட்டும் என்றால் நேருக்கு 75. மறுபடி குலுக்கியிருந்தால் மூன்று வழிக்கும் சம வாய்ப்பு கிடைத்திருக்கும். ஒரு சின்னச் சோம்பல், ஊர் முழுக்க இடதுசாரி ஆகிவிட்டது.

வளைவுகள் பிரச்சினையே இல்லை, அங்கே போக ஒரே வழிதான். ஆனால் ஏற்காட்டு மலைப்பாதை பாணியில் கொண்டை ஊசி வளைவுகளாக வரைந்தீர்களானால் மேலே போய்ச் சேருமுன் 30 கட்டமும் தீர்ந்துவிடும். சேலத்து ஐந்து ரோடு சந்திப்பைக் கட்டவே முடியாது, கட்டத்துக்கு நாலு பக்கம்தான். 2020இல் அங்கே திறந்த ஈரடுக்கு மேம்பாலத்துக்கும் ஆட்டத்தில் இடமில்லை.

இப்போது மாணவரின் கேள்வி. பயணம் ஜெயித்தால், அதாவது தேடிய இடம் கிடைத்தால் மட்டுமே நெரிசல் எண் ஏறும்: வந்த வழியில் ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் 50 கூடும். நிரல் ஊர் முழுவதையும் ஒரு முறை கணக்கிட்டு முடிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 24 குறையும், 200ஐத் தாண்டியிருந்தால் 34. சுற்றுக்கு ஒரு பயணம் விழுந்தாலே வரவு செலவை மிஞ்சிவிடும். தோற்ற பயணமோ தடயமே இல்லாமல் மறைந்துபோகும், அதற்காக அந்த மனையிலிருந்து யாரும் காலி செய்வதும் இல்லை. ஓரத்தில் ரோடே இல்லாத மனையிலிருந்துதான் ஆட்கள் காலி செய்வார்கள். ஆகவே புது ரோடுகள், அதுவரை தோற்றுக்கொண்டிருந்த பயணங்களையும் கடைவீதியில் கொண்டு சேர்த்திருக்கும். எண் ஏறாமல் என்ன செய்யும்?

நெரிசலால் எந்த வண்டியும் தாமதமாகாது. பாதிப்பு வேறு வழியில் வரும்: நெரிசல் புகையைக் கூட்டும், புகை நில மதிப்பைக் குறைக்கும், வீடுகள் வளராது. நில மதிப்புக்கு நிரல் பார்ப்பவை நகர மையத்திலிருந்து தூரம், பக்கத்தில் மரமும் நீரும், புகை, குற்றம். வாசல் எந்தத் திசை என்று கேட்பதில்லை. நம்ம ஊர் மனை வியாபாரத்தைவிட அந்த மட்டில் உருப்படியான கணக்கு.

தீர்வுக்கு, சந்திப்புகளைக் குறையுங்கள். தொழிற்சாலைகள் மேற்கே இருப்பதால் தொழிலாளர் குடியிருப்பைத் தெற்கே வையுங்கள். வடக்கு நோக்கி வருபவர் சந்திப்பில் இடப்பக்கம் ஒடித்தால் மேற்கு. அங்கிருந்து கிழக்கே கிளம்புபவருக்கு இடப்பக்கம் வடக்கு, ஆகவே கொஞ்சம் வீடுகள் அங்கேயும் வேண்டும். 30 கட்டம் என்பது பத்து மனை நீளம்; அதற்குள் அடக்குங்கள்.

அதுவும் போதாவிட்டால் நடுச் சந்திப்பையும் அதைச் சுற்றியுள்ள ரோட்டையும் இடித்துத் தண்டவாளம் போடுங்கள். பயணம் ரோட்டிலிருந்து தண்டவாளத்துக்குத் தானாகவே தாவும், ஆனால் நெரிசலைப் பதியும் நிரல் வரி தண்டவாளக் கட்டத்தைத் தொடாது. கட்டத்துக்கு ரோடு 10 டாலர், தண்டவாளம் 20, பராமரிப்பும் இரட்டிப்பு. போக்குவரத்து நிதியை ரொம்பக் குறைத்தால் அங்கங்கே பெயர்ந்துபோகும், பெயர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.