லேப்டாப் ஸ்லோவா இருக்கா? ரேம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஏப்ரல் மே ஆச்சுன்னா கடைக்கு வர்ற லேப்டாப்ல நிறையப் பேர் சொல்ற கம்ப்ளைன்ட் ஒண்ணுதான், "அண்ணே ஒரே ஹேங், ரேம் ஏத்திருவோமா?" ரேம் போட்டு காசு வாங்குறது எங்களுக்கு ஈஸி, ஆனா பல கேஸ்ல அது உங்களுக்கு தண்டச் செலவு.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் போயி சிபியுவ (ப்ராசசர்தான்) தொட்டா ஸ்பீடுன்னு ஒரு நம்பர் ஏறி இறங்கிட்டே இருக்கும், கூடவே பேஸ் ஸ்பீடுன்னும் ஒண்ணு இருக்கும். சும்மா இருக்கும்போது ஸ்பீடு குறையிறது நார்மல். ஆனா நல்லா வேலை வாங்கும்போதும் பேஸ் ஸ்பீடத் தொடாம கீழயே கெடந்தா, ப்ராசசர ஏதோ ஒண்ணு புடிச்சு இழுக்குது.

அடுத்து கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ இன்ஃபோ மாதிரி ஃப்ரீ சாஃப்ட்வேர்ல சூடு எவ்வளவுன்னு பாருங்க. நிறைய இன்டெல் லேப்டாப் சிப்புக்கு லிமிட் 100 டிகிரி, அதத் தொட்டா கருகிடாம இருக்க அதுவா ஸ்பீட குறைச்சுக்கும். வேலை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே 95க்கு மேல போயி அங்கேயே நின்னா தூசிதான் முதல் சந்தேகம், அதுலயும் மெத்தை மேல வச்சு படம் பாக்குற ஆளுங்க லேப்டாப்னா கேக்கவே வேணாம். வெளிய இருந்து பாத்தா ஃபேன் சுத்தமாத்தான் தெரியும், ஃபேனக் கழட்டினாத்தான் அதுக்கும் சூட்ட வெளிய கடத்துற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல கம்பளித் துண்டு மாதிரி ஒரு அடை ஒட்டிக்கிட்டு இருக்கும், விரலால அப்படியே உரிச்சு எடுக்கலாம். வெளிய இருந்து ப்ளோயர் அடிச்சா அது வராது, ஃபேன புடிச்சுக்காம அடிச்சா பேரிங் வேற போயிரும். கழட்டுன கையோட ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட்டும் மாத்திருங்க, பழசு காஞ்சு பொடியா உதிரும்.

சூடே இல்ல, ஆனாலும் ஸ்லோன்னா? ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருத்தர் கொண்டாந்தாரு, 45 டிகிரிதான், ஸ்பீடு மட்டும் 0.79 கிகாஹெர்ட்ஸ்ல ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல, விண்டோஸ் ரெண்டு தடவ போட்டுப் பாத்தாச்சாம். சார்ஜரப் புடுங்கினேன், அடுத்த செகண்டே 2.5 தாண்டிருச்சு. லோக்கல் சார்ஜர். "நான் இத்தனை வாட்ஸ்"னு சார்ஜரானது லேப்டாப்போட மதர்போர்டுக்கு சொல்லணும், அது சொல்லலைன்னா சில மாடல்ல போர்டே "மெதுவா போ"ன்னு சிக்னல் குடுத்து ப்ராசசர அடக்கி வச்சிரும். ஆன் பண்ணும்போதே அடாப்டர் என்னன்னு தெரியலன்னு மெசேஜ் வந்திருக்கு, மனுஷன் டெய்லி ஒரு கீய தட்டி தாண்டிப் போயிட்டு இருந்திருக்காரு! இந்த சிக்னல ஆஃப் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு, யூடியூப்லயும் சொல்லித் தர்றாங்க, தயவுசெஞ்சு வேணாம், போர்ட காப்பாத்துறதும் அதே சிக்னல்தான். சரியான சார்ஜர் வாங்குங்க.

டச்பேட் தூக்கிட்டு நின்னா பேட்டரி உப்பியிருக்கு, அப்பவே ஆஃப் பண்ணி கொண்டாந்துருங்க, அமுக்கிப் பாக்காதீங்க.

சூடும் சரி, ஸ்பீடும் சரி, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துலயே நிக்குது, உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா அதுக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போடுங்க, அந்தக் காசு வீணாகாது. ரேம் பத்தி அதுக்கப்புறம் பேசிக்கலாம்.