நோட் என்றால் முனை இல்லை, கணு

"எல்லா முனைகளுக்கும் இடையில் தொடர்பாடலைச் சோதிக்கவும்." கணினிக் கொத்தணி, அதாவது பல கணினிகளைக் கோத்து ஒன்றாக வேலை செய்ய வைக்கிற கூட்டம், அமைக்கிற வழிகாட்டி ஒன்றின் தமிழில் இருந்த வரி இது. கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு கணினியையும் ஆங்கிலத்தில் நோட் (node) என்பார்கள், அதைத்தான் முனை ஆக்கியிருந்தார்கள். கிளிநொச்சியில் என்னிடம் படிக்கிற பொடியன் ஒருவன் பழைய கணினி நாலை மேசையில் வரிசையாக வைத்து, வலையமைப்புச் சுவிட்சில் கோத்து, முதலாவதிலிருந்து நாலாவதுக்கு பிங் அடித்தான், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கிற சிறு செய்தி அனுப்பினான். பதில் வந்தது. "ரெண்டு முனையும் கதைக்குது சேர்" என்றான். வேலையைக் கொடுத்தால் கொத்தணி அசையவில்லை. மூன்றாவதின் பயர்வோல் உள்ளே வருகிறதையெல்லாம் தடுத்துக்கொண்டிருக்க, அதை அவன் சோதிக்கவே இல்லை. அவனில் பிழை இல்லை. வரிசைக்கு முனை இரண்டுதானே.

நோட் லத்தீன் 'நோடுஸ்' வழி வந்தது, முடிச்சு என்று பொருள். தாவரவியலில் தண்டில் இலை கிளம்பும் இடம். அதற்குத் தமிழில் எப்போதோ பெயர் இருக்கிறது: கணு.

முனை என்பது ஒன்று முடிகிற இடம். பூநகரிக்கு அங்கால் கல்முனையில் போய் நின்றால் தெரியும், நிலம் முடிந்து கடல்தான் இருக்கும். கொத்தணியில் எந்தக் கணினியும் அப்படி முடிவிடம் இல்லை, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் கதைக்க வேண்டும், நாலு கணு என்றால் ஆறு சோடி, போக வர இரண்டு திசையும் பார்த்தால் 12 சோதனை. சரி, நோட்டை முனை என்றே வைப்போம், தொடர்பு முடிகிற இடமான எண்ட்பொயின்ட் (endpoint) வந்தால் என்ன செய்வது? டேர்மினலை (terminal) வேறு முனையம் என்கிறோம். ஒரே பக்கத்தில் மூன்றும் வந்தால் படிக்கிற பிள்ளை எதைப் பிடிக்கும்? வாழ்நாளில் ஒரு கேபிளைக் கூடச் செருகிப் பார்க்காமல் அகராதியை மட்டும் வைத்து மொழிபெயர்ப்பதால் வருகிற வினை இது.

முடிச்சு என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வலையமைப்பு என்று சொன்ன பிறகு அது பொருந்தத்தான் செய்கிறது, முல்லைத்தீவில் வலை பின்னுகிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் கரும்பு நடும்போது கணு உள்ள துண்டைத்தான் வைப்போம், முளை அதிலிருந்துதான் வரும். கொத்தணியை வளர்ப்பதும் கணுவைச் சேர்த்துத்தான். கணுக்கால் தெரியாத பிள்ளையும் இல்லை.

அப்புறம் இந்த பிங். 1983இல் மைக் மூஸ் எழுதிய சிறு நிரல், நீருக்கடியில் ஒலி அனுப்பித் தேடுகிற சோனார் கருவியின் ஒலிதான் அதன் பெயர். அதை 'துடிப்பு' ஆக்க வேண்டாம். கணுக்கள் தாம் உயிரோடிருப்பதை விடாமல் அறிவிக்கிற ஹார்ட்பீட்டுக்குத்தான் அந்தச் சொல் வேண்டும். பிங் பிங்காகவே இருக்கட்டும்.

மறுநாள் நாலிலும் கணு 1, கணு 2 என்று ஒட்டி, கொப்பியில் நாலுக்கு நாலு கட்டம் கீறச் சொன்னேன்: குறுக்கே போகிற நிரை பிங் அனுப்புகிற கணுவுக்கு, மேலிருந்து கீழே வருகிற நிரல் அதைப் பெறுகிற கணுவுக்கு. கணு 3இன் நிரை முழுக்கச் சரி, நிரல் முழுக்கப் பிழை. அவனே கண்டுபிடித்துவிட்டான்.