படுக்கையில் புரண்டால் சுற்றும் தலை

போன வருடம் தை மாதம். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். அம்மாவின் அறையிலிருந்து "என்னைப் பிடி, என்னைப் பிடி" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அலாரத்தை நிறுத்த வலது பக்கம் புரண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஃபேன், சுவர், பீரோ எல்லாம் ராட்டினம் மாதிரிச் சுற்றியதாம். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. குமட்டலும் பயமும் மட்டும் பத்து மணி வரை போகவில்லை.

அடுத்த பத்து நாளும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பித்தம் என்றார் பெரியம்மா, இஞ்சிச் சாறு வந்தது. சர்க்கரை பார்த்தோம், பிரஷர் பார்த்தோம், இரண்டும் சரியாகவே இருந்தன. ஒரு கிளினிக்கில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். மாத்திரையால் தூக்கம் வந்ததே தவிர, வலப்பக்கம் புரண்டால் சுற்றுவது நிற்கவில்லை. பதினோராவது நாள் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எந்தப் பக்கம் புரண்டா சுத்துதும்மா?" அதுவரை எங்களை யாருமே அதைக் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரிய, காதுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

காது கேட்பதற்கு மட்டுமானதல்ல என்று பள்ளியில் படித்திருப்போம். உட்காதில் உடலின் நிலையை அறியும் கருவிகள் இரண்டு வகை. முதல் வகை, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிடுவார் அல்லவா? பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அந்தக் கனம் சொல்லிவிடும். யூட்ரிகிள் என்ற சின்னப் பைக்குள் இதே ஏற்பாடுதான். மெல்லிய முடி போன்ற இழைகளை உடைய செல்கள், அவற்றின் மேல் பாகு போன்ற ஒரு படலம், படலத்தின் மேல் பதிந்த ஆயிரக்கணக்கான துகள்கள். ஒவ்வொரு துகளும் கால்சியம் கார்பனேட் படிகம். முட்டை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் எதனால் ஆனவையோ, அதே பொருள். நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தலையைச் சாய்த்தால் துகள்களின் கனம் படலத்தை ஒரு பக்கமாக இழுக்கும், இழைகள் வளையும், மூளைக்குச் செய்தி போகும்.

இரண்டாவது வகை அரைவட்டக் குழல்கள். காதுக்கு மூன்று, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தாக. உள்ளே திரவம் நிறைந்திருக்கும். ஒவ்வொரு குழலிலும் ஒரு இடத்தில் கப்யூலா என்ற பாகு போன்ற தடுப்பு, கதவு மாதிரி குறுக்கே நிற்கும். தலையைத் திருப்பினால் குழலும் கூடவே திரும்பும். திரவம் மட்டும் ஒரு கணம் பின்தங்கும், கப்யூலா வளையும். தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது இப்படித்தான் மூளைக்குத் தெரிகிறது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கப்யூலாவின் அடர்த்தியும் திரவத்தின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று. அதனால் கப்யூலா மூழ்காது, மிதக்காது. நாம் படுத்தாலும் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். தூக்குக்குண்டுக்குப் புவியீர்ப்பு தெரிய வேண்டும், குழல்களுக்குத் தெரியவே கூடாது. ஒரே காதுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கும் இப்படி நேரெதிர் வேலை.

யூட்ரிகிளின் துகள்கள் வயதானால் உதிரும். தலையில் அடிபட்டாலும், உட்காதில் நோய் வந்தாலும் உதிரலாம். பல பேருக்கு ஏன் உதிர்ந்தது என்று சொல்லவே முடியாது. உதிர்ந்தவை பெரும்பாலும் தொந்தரவில்லாமல் கரைந்துபோகும். சில மட்டும் அரைவட்டக் குழலுக்குள் நழுவிவிடும். பெரும்பாலும் பின்பக்கக் குழல்தான், ஏனென்றால் நிற்கும்போதும் படுக்கும்போதும் பள்ளமான இடம் அதுவே. அப்புறம் புரண்டு படுத்தால் என்ன ஆகும்? திரவத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தியான துகள்கள் குழலின் புதிய அடிப்பகுதியை நோக்கி உருளும். குழலின் உள்விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு குறுகலான இடத்தில் உருளும் துகள் திரவத்தையும் சேர்த்துத் தள்ளும், கப்யூலா வளையும், "தலை வேகமாகச் சுழல்கிறது" என்று மூளைக்குச் செய்தி போகும். அம்மாவோ அசையாமல் படுத்திருக்கிறார். ஒரு காது மட்டும் சுற்றுகிறோம் என்று அடித்துச் சொல்கிறது. சுவர் சுழல்வது இப்படித்தான்.

நோயாளிகள் சொல்லும் ஒவ்வொரு அடையாளமும் இந்தத் துகளின் பயணத்தோடு பொருந்துகிறது. படுத்தவுடன் சுற்றாது, சில விநாடி கழித்தே தொடங்கும். துகள் நகர்ந்து திரவத்தைத் தள்ளத் தொடங்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும், துகள் அடியில் போய்த் தங்கியதும் கப்யூலா தன் இடத்துக்குத் திரும்புவதால். எழுந்து உட்கார்ந்தால் மறுபடி சுற்றும், இம்முறை எதிர்த்திசையில். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தாலும், கோலம் போடக் குனிந்தாலும் சுற்றும். இந்தக் கோளாறைச் சுருக்கமாக பி.பி.பி.வி. என்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத, திடீரென்று வந்துபோகும், தலையின் நிலையைப் பொறுத்த சுழற்சி என்று பொருள். ஐம்பது வயதுக்கு மேல் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம்.

அன்று அந்த மருத்துவர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. அம்மாவைப் பரிசோதனைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, ஒரே மூச்சில் பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தாழ்ந்து தொங்கியது. "கண்ணை மூடாதீங்கம்மா, என் மூக்கையே பாருங்க." ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அம்மா என் கையை நெரித்தார். அப்போது அவருடைய கண்ணைப் பார்த்தேன். கருவிழி மேல்நோக்கித் துடித்தது. அதோடு, சாவியைப் பூட்டில் திருப்புவது போல, கீழே இருந்த வலது காதை நோக்கித் திருகித் திருகி அடித்தது. இருபது விநாடி போல. அப்புறம் அடங்கிவிட்டது.

கண் ஏன் துடிக்கிறது? இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டிப் பாருங்கள், எழுத்து தெளிவாகத்தான் தெரியும். இப்போது தலையை அசைக்காமல், கையில் இருக்கும் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். தலை அசையும்போது அரைவட்டக் குழல்கள் கண் தசைகளுக்கு நேராகச் செய்தி அனுப்பி, கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. குழல் பொய் சொன்னால் கண் அந்தப் பொய்க்கும் கீழ்ப்படியும். அதனால் கண் துடிக்கும் திசையைப் பார்த்தே எந்தக் காது, எந்தக் குழல் என்று சொல்லிவிடலாம். லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952இல் விவரித்த சோதனை இது. ஒரு கட்டில் போதும்.

இந்த நோயை அவர்களுக்கு முன்பே, 1921இல், ராபர்ட் பாரனி விவரித்திருந்தார். காதின் சமநிலை உறுப்புகளை ஆராய்ந்ததற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். பரிசுச் செய்தி வந்தபோது முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் கைதியாக இருந்தார். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் ஷுக்னெக்ட், இறந்தவர்களின் காது எலும்பை ஆராய்ந்து, பின்பக்கக் குழலின் கப்யூலாவில் படிவு ஒட்டியிருப்பதைக் கண்டார். 1979இல் கனடாவைச் சேர்ந்த மருத்துவர்கள், துகள்கள் ஒட்டாமல் குழலுக்குள் உருண்டுகொண்டிருக்க வேண்டும் என்றார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது.

உருண்டு உள்ளே போனதை உருட்டியே வெளியே கொண்டுவரலாமே என்று யோசித்தவர் ஜான் எப்லி. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தைச் சேர்ந்த காது மருத்துவர். திருவிழாக் கடைகளில் ஒரு பொம்மை விற்பார்கள், நினைவிருக்கிறதா? கண்ணாடி மூடிய பெட்டி, உள்ளே பாதைகள், ஒரு குண்டு. பெட்டியைச் சாய்த்துச் சாய்த்தே குண்டைக் குழிக்குள் விழவைக்க வேண்டும். எப்லி செய்தது அதுதான், பெட்டிக்குப் பதில் தலை. 1980வாக்கில் அவர் இதைச் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. தீராத நோயாளிகளுக்கு நரம்பை வெட்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த காலம். தலையைத் திருப்பினால் குணமாகும் என்றால் மந்திரம் போலத்தானே தெரியும்? அவருடைய விரிவான கட்டுரை 1992இல்தான் வெளியானது. அதே ஆண்டு கனடாவின் பார்ன்ஸும் மெக்லூரும், அறுவைச் சிகிச்சையின்போது திறந்த குழலுக்குள் துகள்களைக் கண்ணால் பார்த்ததாக எழுதினார்கள். எப்லி அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதுவரை எத்தனை பேர் சுற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அம்மாவுக்கு மருத்துவர் செய்ததும் எப்லி முறையே. வலது காது என்பதால், சோதனைக்குச் சாய்த்த அதே நிலையில் தொடங்கினார். தலை வலப்பக்கம் திரும்பி, கொஞ்சம் தாழ்ந்து. சுற்றல் அடங்கும் வரை, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, காத்திருந்தார். துகள் குழலின் வளைவில் கொஞ்ச தூரம் வந்திருக்கும். பிறகு தலையைத் தூக்காமலே மெல்ல இடப்பக்கம் 90 டிகிரி திருப்பினார். மறுபடி காத்திருப்பு. அடுத்து அம்மாவை இடது தோளின் மேல் ஒருக்களிக்கச் சொல்லி, தலையை இன்னும் 90 டிகிரி திருப்ப, மூக்கு தரையைப் பார்த்தது. இந்த இடத்தில் லேசாகச் சுற்றியது. துகள் சரியான பாதையில் போகிறது என்பதற்கு நல்ல அடையாளம் என்றார். கடைசியில், தாடையை மார்போடு ஒட்டியபடி எழுப்பி உட்காரவைத்தார். துகள் குழலின் மறுவாய் வழியாக யூட்ரிகிளுக்குள் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது. அங்கே அது எங்கே உருண்டாலும் எந்தக் கப்யூலாவையும் வளைக்காது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், கண் அசையவில்லை. அம்மா அழுதுவிட்டார்.

எல்லாருக்கும் முதல் தடவையிலேயே சரியாகிவிடாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரலாம். துகள் பக்கவாட்டுக் குழலில் இருந்தால் எப்லி முறை உதவாது. அதற்கு ஆளையே படிப்படியாக முழுவட்டம் புரட்டும் வேறு முறை உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வேகமாகச் சாய்க்கும் சிமோன் முறை பிரான்சிலிருந்து வந்தது. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் மிதப்பது போலத் தோன்றலாம், பயப்பட வேண்டாம். அன்று வண்டி ஓட்டாமல் யாராவது கூட வருவது நல்லது. இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள், அது தேவையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை குமட்டலை அடக்கும், அதற்காக ஓரிரு நாள் எடுக்கலாம். குழலுக்குள் கிடக்கும் துகளை எந்த மாத்திரையும் நகர்த்தாது. மாதக் கணக்கில் சாப்பிட்டால் மந்தமும் தள்ளாட்டமும் வரும், வயதானவர்கள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடும். இந்த நோய்க்கு வழக்கமாக மாத்திரையும் ஸ்கேனும் வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது.

ஆனால் எல்லாத் தலைசுற்றலும் இது இல்லை. நிற்காமல் மணிக்கணக்கில் சுற்றினால், பேச்சு குழறினால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், முகமோ கை காலோ ஒரு பக்கம் மரத்தால், நிற்கவே முடியாமல் போனால், அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தில் காயமோ கடுமையான எலும்புக் கோளாறோ, விழித்திரைப் பிரச்சினையோ உள்ளவர்கள் தாங்களாகத் தலையைத் தொங்கவிடவே கூடாது.

ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சில வருடங்களில் திரும்ப வருகிறது. அம்மாவுக்கு இந்த வருடம் பங்குனியில் வந்தது. பழகிய வேலைதானே என்று தோளுக்கடியில் தலையணை வைத்து, வலது காதுக்கு உரிய அதே வரிசையில் வீட்டிலேயே செய்தோம். இரண்டு நாள் செய்தும் நிற்கவில்லை. அதே மருத்துவரிடம் போனோம். வலப்பக்கம் சாய்த்தார், ஒன்றுமில்லை. இடப்பக்கம் சாய்த்தார். நான்காவது விநாடியில் அம்மாவின் கண் இடது காதை நோக்கித் திருக ஆரம்பித்தது.