பண்டிகை அலங்காரத்துல ஏறின வாடை ஏன் லேசுல போக மாட்டேங்குது?

வாசகி ஒருத்தங்க எழுதிக் கேட்டிருந்தாங்க, “வருஷத்துக்கு ஒருதடவை வெளிய எடுக்கிற பண்டிகை அலங்காரப் பொருளு, பெட்டிய திறந்தாலே குப்புனு வாடை அடிக்குது. துணித் தோரணம், பிளாஸ்டிக் மாலை, ஜிகினா, பஞ்சு பொம்மைன்னு எதையும் விட்டுவைக்கல. சமையல் சோடா வச்சுப் பாத்தேன், சென்ட் அடிச்சுப் பாத்தேன், ரெண்டு நாள் கழிச்சு திரும்ப அதே வாடை. ஏன் போக மாட்டேங்குது?”

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், வாடைங்கிறது ஒரு பொருளு. அந்தத் துணிக்குள்ளயும் பிளாஸ்டிக்குக்குள்ளயும் மூலக்கூறுகள் தங்கியிருக்கு, அது கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி நம்ம மூக்குக்கு வருது. அத போக்க ரெண்டே வழிதான், ஒண்ணு அந்த மூலக்கூறு அங்கேர்ந்து கிளம்பி வேற எங்கயாவது போயாகணும், இல்லன்னா வேதிவினைல வேற மூலக்கூறா மாறணும். சென்ட் அடிச்சா இது ரெண்டுமே நடக்காது, புதுசா இன்னொரு வாசனை மேல வந்து உக்காருது, அது சீக்கிரம் பறந்துடும், பழசு அப்படியே இருக்கும்.

அதனால எந்த மூலக்கூறுன்னு தெரியாம வைத்தியம் பாக்கக் கூடாது. அலங்காரப் பெட்டில வழக்கமா மூணு விதமான வாடை இருக்கும். முதலாவது அந்துருண்டை, அதாவது நாப்தலீன். இது உருகறதுக்கு 80 டிகிரி வேணும், ஆனா உருகாமலே சாதாரண அறை வெப்பத்துல பதங்கமாகிட்டே, அதாவது திடப்பொருள்லேர்ந்து நேரா ஆவியாகிட்டே இருக்கும்னு எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருப்போம். அதுல சொல்லித்தராதது என்னன்னா, இப்படி கிளம்பின நாப்தலீன் ஆவி பிளாஸ்டிக்குள்ளயே கரைஞ்சு உள்ள போயிடும், மேல் பரப்புல மட்டும் நிக்காது. ரெண்டாவது பூசண வாடை. ஈரத்துல வளர்ற பூஞ்சை 1-ஆக்டீன்-3-ஆல்னு ஒரு ஆல்கஹால வெளிய விடும், காளானோட வாசனையே அதுதான். மண் வாடைக்குக் காரணமான ஜியோஸ்மினும் சில நேரம் கூட இருக்கும், அத முக்கியமா ஒருவகை பாக்டீரியா தயாரிக்குது. ஒரு லிட்டர் தண்ணில வெறும் 10 நானோகிராம் ஜியோஸ்மின் இருந்தாலே நிறைய பேர் மூக்கு கண்டுபிடிச்சிடும், அதனாலதான் ‘எல்லாத்தையும் துடைச்சிட்டேனே’ன்னு நினைச்ச பிறகும் வாடை வருது. மூணாவது வேர்வை, சிகரெட் புகை மாதிரி மனுஷங்ககிட்டேர்ந்து வந்தது.

இப்ப சமையல் சோடாவுக்கு வருவோம். அது ஒரு வேதிவினைக்காரன், அமிலம் எதிர்ல வந்தா பிடிச்சு உப்பா மாத்திடும், உப்பு ஆவியாகாது, அதனால வாடையும் வராது. வேர்வைல இருக்கிற ஐசோவலெரிக் அமிலம் மாதிரி ஆளுங்களுக்கு இது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனா நாப்தலீன் அமிலமும் இல்ல காரமும் இல்ல, பூஞ்சையோட ஆல்கஹாலும் ஜியோஸ்மினும் அப்படித்தான், இதுங்க சோடாவ கண்டுக்கவே கண்டுக்காது. போதாக்குறைக்கு சோடாத் தூளோட பரப்பும் ரொம்ப கம்மி, ஒரு கிண்ணத்துல கொட்டி மூலைல வச்சா மேலடுக்கு மட்டும்தான் காத்த பாக்குது. வினிகருக்கு இதே கதை தலைகீழா, சிகரெட் புகைல இருக்கிற நிகோட்டின் மாதிரி கார மூலக்கூறுன்னா வினிகர் பிடிக்கும், மத்ததுக்கு பிரயோஜனம் கம்மி. துணில அடிக்கிற சில ஸ்ப்ரேல சைக்ளோடெக்ஸ்ட்ரின்னு ஒண்ணு போடுறாங்க, ஏழு குளுக்கோஸ் சேர்ந்த வளையம், நடுவுல இருக்கிற குழி எண்ணெய்த்தன்மை உள்ள மூலக்கூற பிடிச்சு வச்சுக்கும், பரவால்ல, துணிக்கு உதவும்.

ஆனா எனக்கு பிடிச்ச ஆளு ஆக்டிவேட்டட் கார்பன்தான், இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான் எழுதுறேன்னு கூட வச்சுக்கலாம்.

மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ காத்து படாம சுட்டா கரி கிடைக்கும். அந்தக் கரிய 800 டிகிரிக்கு மேல சூடாக்கி நீராவிய செலுத்துனா, நீராவி கார்பனோட வினை புரிஞ்சு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமா வெளிய போயிடும், அதாவது கரிய உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகும். முடிவுல கிடைக்கிறது முழுக்க முழுக்க ஓட்டை, ஓட்டைக்குள்ள ஓட்டை, அதுல முக்கால்வாசி 2 நானோமீட்டரை விட குறுகலானது. நல்ல கார்பன்ல ஒரே ஒரு கிராம எடுத்து உள்பரப்ப எல்லாம் விரிச்சா 1000 சதுர மீட்டர் வரும், கிட்டத்தட்ட நாலு டென்னிஸ் கோர்ட் அளவு, ஒரு கிராமுக்குள்ள!

பரப்பு நிறைய இருக்கு, அதனால நிறைய ஒட்டுதுன்னு பொதுவா சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கு அது பத்தாது, ஏன்னா அழகான விஷயமே அதுக்கு அப்புறம்தான் வருது. வாடை மூலக்கூறு கார்பன்ல எப்படி ஒட்டுது? அங்க வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது, வாண்டர் வால்ஸ் விசைன்னு படிச்சிருப்பீங்களே, அதுதான். எல்லா அணுவுலயும் எலக்ட்ரான் மேகம் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் இங்கயும் அங்கயும் ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு அணுவோட ஆட்டம் பக்கத்து அணுவையும் அதுக்கேத்த மாதிரி ஆட வைக்கும், அதனால ரெண்டுக்கும் நடுவுல லேசா ஒரு ஈர்ப்பு வரும். இத 1930ல ஃபிரிட்ஸ் லண்டன்ங்கிற இயற்பியலாளர் குவாண்டம் இயக்கவியல் வச்சு விளக்கினார். ரெண்டு அணுவுக்கு நடுவுல இந்த ஈர்ப்பு ஆற்றல் தூரத்தோட ஆறாவது அடுக்குல குறையும், தூரம் ரெண்டு மடங்கு ஆனா ஈர்ப்பு 64ல ஒரு பங்கு. ரொம்ப நெருங்கினாத்தான் பலன், கொஞ்சம் தள்ளிப் போனா ஒண்ணுமே இல்ல.

சமமான ஒரு கார்பன் தளத்து மேல நாப்தலீன் மூலக்கூறு வந்து படுத்தா ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும்தான் ஈர்ப்பு, அறை வெப்பத்துல அது ஆடி ஆடி கொஞ்ச நேரத்துல கிளம்பிடலாம். ஆனா ஒரு நானோமீட்டருக்கும் சின்னதான அந்த மூலக்கூறு, தன் அளவுக்கே சரியா பொருந்துற ஒரு இடுக்குக்குள்ள போச்சுன்னா கீழ் சுவர், மேல் சுவர் ரெண்டும் ஒரே நேரத்துல இழுக்கும், அதுவும் ரெண்டுமே மிக நெருக்கத்துல, அதாவது அந்த ஆறாவது அடுக்கு நமக்கு சாதகமா இருக்கிற தூரத்துல. ஈர்ப்பு கூட்டாயிடுது, மூலக்கூறு வெளிய வரணும்னா பெரிய ஆற்றல் வேணும். அதனால ஓட்டையோட எண்ணிக்கைய விட அதோட அகலம்தான் முக்கியம், கரியோட பலமே அந்தக் குறுகல்தான். இது தெரிஞ்ச நாள்லேர்ந்து கருப்பா ஒரு துண்டு கரிய பாத்தா எனக்கு சும்மா கடந்து போக முடியல.

கரி வாயுவ உள்ள இழுக்கும்னு 1773லயே ஷீலேங்கிற வேதியியலாளர் அளந்து காட்டினார், 1915ல ஜெலின்ஸ்கிங்கிற ரஷ்ய வேதியியலாளர் இதே கரிய வச்சு விஷவாயு முகமூடி செஞ்சார், அங்க பிடிச்சது விஷம், இங்க நாம பிடிக்கப் போறது நாப்தலீன், கொள்கை ஒண்ணுதான். சரி, அடுப்புக் கரி ஆகாதான்னு கேப்பீங்க, ஓரளவு ஆகும், ஆனா நீராவி அரிச்ச ஓட்டை அதுல இல்லாததால ரொம்ப சுமார்தான், எரிக்கிறதுக்கு எண்ணெய் தடவி விக்கிற கரின்னா பெட்டிக்குள்ள வைக்கவே வைக்காதீங்க.

கார்பன் காத்துல இருக்கிறத பிடிக்கும், பொருளுக்குள்ள இருக்கிறத போய் இழுத்து வராது, இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. மூடின பெட்டிக்குள்ள கார்பன் காத்த காலி பண்ணிக்கிட்டே இருக்கும், அந்த இடத்த நிரப்ப பிளாஸ்டிக்குக்குள்ளேர்ந்து மூலக்கூறு மெதுவா மேல வரும், அது பரவி வர்ற நேரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. பரவலோட கணக்கு தடிமனோட வர்க்கத்துல போகும், ரெண்டு மடங்கு தடிமன்னா நாலு மடங்கு நேரம், மூணு மடங்குன்னா ஒன்பது மடங்கு. அதனாலதான் ஜிகினா சீக்கிரம் சரியாகும், தடி பிளாஸ்டிக்கும் பஞ்சு பொம்மையும் வாரக்கணக்குல அடம் பிடிக்கும், ரெண்டு நாள்ல வாடை திரும்ப வந்ததுக்கும் காரணம் இதுதான், மேலடுக்கு காலியானது, உள்ள இருந்தது இப்பதான் வந்து சேருது.

இத வேகப்படுத்த வெப்பம் வேணும். நாப்தலீனோட ஆவி அழுத்தம் 20 டிகிரிலேர்ந்து 40 டிகிரிக்குப் போனா ஆறேழு மடங்கு கூடிடும். ஆனா கார்பனும் சூட்டுல பிடிச்சதுல கொஞ்சத்த விட்டுடும், அதனால ரெண்டையும் ஒண்ணா சூடாக்குறது வேஸ்ட். முதல்ல பொருள மட்டும் காத்தோட்டமான, கதகதப்பான நிழல்ல பரப்பி வைங்க, நேரடி வெயில் சாயத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், பல நாள் வச்சாலும் நஷ்டமில்ல. மேலோட்டமான வாடை போனப்புறம் குளிர்ச்சியான இடத்துல மூடின பெட்டிக்குள்ள கார்பனோட வைங்க, சூடு வெளியேத்தும், குளிர் பிடிச்சு வைக்கும். கார்பன துணிப்பைல போட்டு வச்சா தூள் ஒட்டாது.

பூசண வாடைன்னா முதல்ல பூஞ்சைய ஒழிக்காம கார்பன் வச்சு பிரயோஜனமே இல்ல, அது தயாரிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய போய் மாஸ்க் போட்டு உலர்ந்த பிரஷ்ஷால தட்டுங்க, துவைக்கக் கூடிய துணிய துவைச்சு முழுசா காய வைங்க, கருப்பா பூத்துப்போன காகிதப் பூவெல்லாம் தூக்கிப் போடுங்க, அத காப்பாத்த முடியாது. சீரியல் லைட்டுல எந்த தண்ணியும் வினிகரும் படக் கூடாது, காத்தாட வைங்க போதும்.

ஓசோன் மிஷின் வாங்குங்கன்னு சிலர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். ஓசோன் ரப்பரையும் சாயத்தையும் அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதல், போதாததுக்கு சில பொருளோட வினைபுரிஞ்சு ஃபார்மால்டிஹைடு கூட உண்டாக்கும்.

இன்னொண்ணு, அடைச்ச பெட்டியோ ரூமோ வாடை அடிச்சா அத ‘கெட்ட சக்தி’ன்னு சொல்லி கரிய விக்கிறவங்க இருக்காங்க, அது எனக்கு கோபமா வருது. கரி வேலை செய்யுது, அதுக்கு காரணம் எலக்ட்ரான் மேகத்தோட ஆட்டமும் ஓட்டையோட அகலமும்தான், அவ்வளவு அருமையான உண்மை கையில இருக்கும்போது அத மறைச்சு பயம் காட்டி விக்கிறது அநியாயம். ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்க வேண்டிய நேரத்துல சாம்பிராணி காட்டி அனுப்பிடுறாங்க, சுவத்துல இருக்கிற பூஞ்சை நிம்மதியா வளருது. வாசனை ஆராய்ச்சிக்கு இன்னும் நிறைய பணம் ஒதுக்கணும்னும் நான் உறுதியா நம்புறேன். நம்ம மூக்குல சுமார் 400 வகை ஏற்பி, அதாவது வாசனைய உணர்ற புரதம் இருக்குன்னு நமக்குத் தெரியறதுக்கு வழிவிட்டது லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ரெண்டு பேரும் 1991ல செஞ்ச வேலை, 2004ல நோபல் பரிசும் கிடைச்சது. ஆனா பார்வை, காது கேக்குற திறன் அளவுக்கு மோப்பத்துக்கு யாரும் மதிப்பு குடுக்கிறதில்ல, கொரோனா வந்து மோப்பம் போனப்பதான் பலருக்கு அதோட அருமை தெரிஞ்சது.

அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடாதீங்க. நாப்தலீன மனுஷருக்கு புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பட்டியல்ல சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002ல சேர்த்துச்சு, ஜி6பிடிங்கிற நொதி பிறவியிலேயே குறைவா இருக்கிற குழந்தைக்கு ரத்த அணு சிதையற ஆபத்தும் உண்டு. பூச்சி வேணாம்னா பொருள சுத்தமா காய வச்சு இறுக்கமா மூடுற பெட்டில போடுங்க, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு கீழ இருந்தா பூஞ்சை தலைதூக்காது, அதுக்கு சிலிக்கா ஜெல் பை போதும். பழைய அட்டைப் பெட்டிய திரும்ப பயன்படுத்தாதீங்க, வாடைய அட்டை நல்லா உள்ள இழுத்து வச்சிருக்கும், பொருளெல்லாம் சுத்தமானாலும் அதுவே திரும்ப ஏத்திவிடும். பழைய கார்பனையும் வெயில்ல காய வச்சு பல வருஷம் ஓட்டாதீங்க, பிடிச்சத முழுசா வெளிய விட பல நூறு டிகிரி வேணும், வெயில்ல ஈரமும் லேசா ஒட்டினதும்தான் போகும்.