கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அப்புறம்?

"அம்மாவுக்கு 78 வயது. பிரஷர், சுகர், மூட்டுவலி என்று மூன்று டாக்டர்களிடம் காட்டுகிறோம். இப்போது முதியோர் மருத்துவப் பிரிவுக்கும் போகச் சொல்கிறார்கள். நாலாவதாக ஒரு டாக்டர் எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அங்கே டாக்டர் மட்டும் இருக்கமாட்டார். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஆளைப் பார்ப்பார்கள். இத்தனை பேர் எதற்கு என்பதற்கு அடிக்கடி நடக்கும் ஒரு கதை போதும்.

பிரஷருக்கு அம்லோடிபின் தருகிறார்கள். நல்ல மருந்துதான். ரத்தத்தைக் கொண்டுபோகும் நுண்தமனிகளை அது விரிக்கும். திரும்ப எடுத்துவரும் நுண்சிரைகளை அவ்வளவாக விரிக்காது. மதகைத் திறந்துவிட்டு வடிகாலைக் கவனிக்காமல் விட்டால் வயலில் நீர் ஏறத்தானே செய்யும்? இடையிலுள்ள மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களான தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து, கணுக்காலில் வந்து தங்குகிறது. வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறார். அது உடம்பின் மொத்த நீரைக் குறைக்குமே தவிர, கசிவின் காரணத்தைத் தொடாது. வீக்கம் வடிகிறதோ இல்லையோ, ரத்தத்தின் அளவு குறைந்துவிடுகிறது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கும். கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் சட்டென்று இதயத்தை விரட்டி அதைச் சரிக்கட்டும். 78 வயதில் அந்த வேகம் இருக்காது. ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தவர் தலைசுற்றி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. ஏழரைச் சனி என்று பரிகாரம் தேடுகிறது குடும்பம். சனி பாவம், அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை!

இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கண்ணில்தான் படும். நர்ஸ் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுமுறை பிரஷர் பார்க்கிறார். மேல் அளவு 20 இறங்கினால் குறித்துக்கொள்கிறார். பிசியோதெரபிஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்கிறார். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம். மருந்தாளுநர் மாத்திரைப் பையைக் கவிழ்த்து, எது எப்போது சேர்ந்தது என்று பார்க்கிறார். கட்டிலிலிருந்து பாத்ரூம் எவ்வளவு தூரம், ராத்திரி துணைக்கு யார் என்று கேட்பவர் சமூகப் பணியாளர். பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். அம்லோடிபின் அளவு கூடிய பிறகுதான் வீக்கம் வந்தது என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். நீர் மாத்திரையை நிறுத்துவதா, பிரஷர் மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் முடிவெடுக்கிறார்.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இப்படிக் கூட்டாகப் பார்க்கப்பட்ட முதியவர்கள், மாதங்கள் கழிந்தும் உயிரோடு சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 29 ஆய்வுகளை, 13,766 பேரை அலசி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட திறனாய்வு சொல்கிறது. ஸ்கேன் மெஷினுக்குக் கிடைக்கிற பணம் இந்த அரைமணி நேரப் பேச்சுக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

சென்னைக்காரர் என்றால், கிண்டியில் 2024இல் திறந்த, 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. போகும்போது சித்த மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை உட்பட மொத்தப் பையையும் எடுத்துப் போங்கள். அதுவரை எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.