மாண்டமஸ்: 'கட்டளைப் பேராணை' வேண்டவே வேண்டாம்

"ஹோட்டலுக்கு உரிமம் வழங்க ஐகோர்ட் உத்தரவு" என்று தலைப்பு போடுகிறார்கள். உள்ளே படித்தால் நீதிமன்றம் உரிமம் கொடுக்கச் சொல்லவே இல்லை. மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்த விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலித்து, 4 வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்றுதான் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறது. கொடுப்பதா மறுப்பதா என்பது அவர் பொறுப்பு. விதிகளெல்லாம் நிறைவேறி, அதிகாரிக்கு வேறு வழியே இல்லாதபோது நேரடியாகவே வழங்கச் சொல்வதும் உண்டு, அது குறைவு. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம், கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்யச் சொல்லும் மாண்டமஸ் என்ற நீதிமன்ற ஆணைக்குச் சிலர் வைத்திருக்கும் 'கட்டளைப் பேராணை' என்ற பெயர்தான்.

மாண்டமஸ் லத்தீன் சொல். 'கட்டளையிடுகிறோம்' என்று பொருள். இங்கிலாந்து மன்னர் பேரால் போன ஆணைகள் வழியாக வந்தது. நம் அரசியல் சாசனத்தின் 32, 226 ஆகிய உறுப்புகள் இந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் தருகின்றன. தமிழில் செயலுறுத்தும் நீதிப்பேராணை.

மூலத்தில் கட்டளை என்றுதானே இருக்கிறது என்பார்கள். சரி, அதே உறுப்புகள் சொல்லும் மற்ற நான்கு பேராணைகளும் (ரிட்) வேண்டுகோளா? அவையும் கட்டளைதானே. ஹேபியஸ் கார்ப்பஸை மூலத்தில் உள்ளபடியே பெயர்த்தால் 'உடலை வைத்திருப்பாயாக' என்பதுபோல் ஏதோ வரும். யாராவது அப்படி எழுதினார்களா? அந்த ஆணை என்ன வேலை செய்கிறது என்று பார்த்து 'ஆட்கொணர்வு' என்றார்கள். இன்று டீக்கடையில்கூட அது புரிகிறது. இந்தியில் மாண்டமஸை 'பரமாதேஷ்' என்கிறார்கள். கம்பீரம்தான், ஆனால் எதற்கான ஆணை என்பது அதிலும் தெரியாது.

'செயலுறுத்து' செயற்கையாம். அறிவுறுத்து, வலியுறுத்து, அச்சுறுத்து எல்லாம் எந்த அச்சில் வார்த்தவை? உறு என்பதன் பிறவினை உறுத்து. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பவரைச் செய்ய வைப்பது செயலுறுத்தல். கடமை அதிகாரியுடையது, நீதிமன்றம் அவரை நகர்த்துகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. (கண்ணில் விழுந்த தூசியும் உறுத்தத்தான் செய்யும். அலுவலகங்களுக்கு அதுவும் தேவை.)

அப்புறம் இந்தப் 'பரிசீலிக்க'. தீர்ப்பின் வாசகத்தில் 'பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க' என்று முழுதாக இருக்கும். மொழிபெயர்ப்பவர் 'பரிசீலிக்க உத்தரவு' என்று வாலை நறுக்கிவிடுவார். பரிசீலனைக்கு முடிவே கிடையாது. கோப்பு 10 வருஷம்கூடப் பரிசீலனையில் இருக்கும். 'முடிவெடுக்க' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? 'பரிசீலிக்கவும்' என்ற உத்தரவை, வளைந்துகொடுக்கும் அதிகாரிகளின் துணையோடு சிலர் தவறாகப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றமே 2006-ல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் சுட்டிக்காட்டியது. 'கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று காட்டுவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

சில சட்டங்களில் முடிவெடுப்பதற்கான கெடு உள்ளேயே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 31-ன்படி 2 மாதத்துக்குள் உரிமமும் தராமல், நிராகரிக்கவும் செய்யாமல் இருந்தால், விண்ணப்பித்தவர் தொழிலைத் தொடங்கிவிடலாம். கெடு எதுவும் சொல்லாத சட்டம் என்றால்தான் 'நியாயமான காலம்' எவ்வளவு என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கிறது.