தாம்ர பிரசஸ்தி: சுந்தா நாட்டுச் செப்பேடு

மேற்கு ஜாவாவின் சுந்தா மக்களுடைய பழைய எழுத்தைப் பற்றிப் படித்தால் 'தாம்ர பிரசஸ்தி' என்ற சொல் கண்ணில் படும். இந்தோனேசியத் தொல்லியலில், எழுத்து எதன் மேல் இருக்கிறதோ அதை வைத்தே பொறிப்புக்குப் பெயர். கல் என்றால் உபல பிரசஸ்தி, பனையோலை என்றால் ரிப்த பிரசஸ்தி, உலோகம் என்றால் தாம்ர பிரசஸ்தி.

தாம்ரம் வடமொழிச் சொல். நம் தாமிரம் அதுவே. சுந்தா மொழியில் செம்புக்கு வழங்கும் 'தம்பாகா'வும் அதே வேரிலிருந்து பிராகிருதம் வழியாகப் போனதுதான். பெயரில் செம்பு இருந்தாலும் வெண்கலத் தகடும் இந்த வகையில் சேரும்.

இதைத் தமிழில் பெயர்க்கும்போது சிக்கல் 'பிரசஸ்தி' என்ற சொல்லில் இருக்கிறது. வடமொழியில் அதற்குப் புகழுரை என்று பொருள். பல்லவர், சோழர் செப்பேடுகளில் அரச மரபைப் பாராட்டும் வடமொழிப் பகுதியை நாமும் பிரசஸ்தி என்கிறோம். தமிழில் அதற்கு இணையாக வருவது மெய்க்கீர்த்தி. இந்தோனேசியாவில் இந்தப் பொருள் விரிந்துவிட்டது. எந்தப் பழம் பொறிப்பும் அங்கே பிரசஸ்தி. புதுக் கட்டடத் திறப்பு விழாவில் பதிக்கும் பளிங்குக் கல்கூட பிரசஸ்திதான். அதனால் சுந்தாத் தகடுகளை மெய்க்கீர்த்தி என்று மொழிபெயர்ப்பது பிழை.

கெபந்தெனான் செப்பேடுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். பெக்காசிப் பகுதியைச் சேர்ந்த அந்த ஊரில் இருந்த ஐந்து செப்புத் தகடுகள் 1867இல் ஓவியர் ராடென் சாலே மூலம் வெளியுலகுக்கு வந்தன. இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மொழியும் எழுத்தும் பழஞ்சுந்தா. இன்றைய போகோர் பக்கம் இருந்த சுந்தா அரசின் தலைநகர் பக்குவான் பஜஜாரானில் 1482 முதல் 1521 வரை ஆண்ட ஸ்ரீ பதுகா மகாராஜாவின் ஆணைகள் அவை.

ஒரு தகடு தன்னையே 'பிதெகெத்' என்று அழைத்துக்கொள்கிறது: அரசன் உறுதிப்படுத்திக் கொடுத்த ஆணை. சுந்தா செம்பாவா என்ற இடம் 'தேவசாசன', அதாவது புனித நிலம் என்று அது அறிவிக்கிறது. அங்குள்ளவர்களை தசா, சலகரா என்ற வரிகளாலும், எடைபோட்டு வாங்கும் பருத்தி வரியாலும், நெல் வரியாலும் தொல்லை செய்யக் கூடாது. ஆற்று முகத்துவாரங்களில் இருப்பவர்களும் அவர்களிடம் சுங்கம் கேட்கக் கூடாது. ஏன்? அவர்கள் அந்தத் தேவசாசனத்தை உறுதியாகக் காத்து வருபவர்கள். நம் கல்வெட்டுகளின் 'இறையிலி' என்ற சொல் இங்கே அப்படியே பொருந்தும்.

இதற்குச் செம்பு ஏன் என்பதும் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. இதே சுந்தா அரசர்கள் தங்கள் நினைவைக் கல்லில்தான் வைத்தார்கள். கவாலியிலும் போகோரிலும் அந்தக் கற்கள் நிற்கின்றன. ஆனால் வரி கேட்டு வருபவனிடம் எடுத்துக் காட்ட, ஊரார் கையில் ஒன்று இருக்க வேண்டும். ஓலை மட்கிவிடும், கல்லைத் தூக்க முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? செம்பில் இருந்தால் 'செப்பேடு'. ஆணை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'செப்புப் பட்டயம்'; பிதெகெத்துக்கு இதுவே நெருக்கம் என்பேன். வெண்கலமும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல 'உலோகப் பொறிப்பு' போதும். உபல பிரசஸ்திக்குக் கல்வெட்டு இருக்கவே இருக்கிறது.